போயிட்டு வரேன் பட்டன்

ஐம்பது வயதில் நான் முதன்முதலாக எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமை மூடுவதற்குக் கடையின் மெயின் சுவிட்சை இறக்க வேண்டியிருந்தது. திரை முழுக்க நிறைகிற மாதிரி ஒரு விண்டோ செய்து, நடுவில் ‘வணக்கம்’ என்று ஒரு பட்டன் வைத்திருந்தேன். அமுக்கினால் இன்னொரு வணக்கம் சொல்லும். வெளியே வர வழி வைக்க மறந்துவிட்டேன். என்னென்னவோ தட்டிப் பார்த்துவிட்டு, பதற்றத்தில் சுவிட்சை இறக்கினேன். அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த ஒருவரின் பட்டா நகல் பாதியில் மெஷினுக்குள் நின்றுபோனது.

“பொட்டியில என்னண்ணே பண்றீங்க?” என்றார்.

“சாஃப்ட்வேர்” என்றேன்.

அவர் பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

ஒரத்தநாட்டில் எனக்கு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. கால்நடைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் அடித்துக் கொடுத்து வயிறு வளர்ப்பவன். மாட்டின் இரைப்பையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரியாது. அப்படிப்பட்டவன் புரோகிராம் எழுத உட்கார்ந்தது என் கூட்டாளிக்காக. அவன் வாய் அடைத்துப்போயிருந்தது. கையில் பேனா நிற்கவில்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்று அவன் சொல்வதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியை நான்தான் செய்து கொடுத்தேன். அவன் உண்மையிலேயே ஒன்றைக் கேட்டபோது, புரோகிராமில் கோளாறு என்று நினைத்து அதைச் சரிசெய்துவிட்டவனும் நான்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. புது ஆற்றுப் பாசனத்தில் நிலம். மடையில் நின்று அவன் ஒரு சத்தம் போட்டால் அடுத்த ஊர்க்காரன் மோட்டாரை நிறுத்துவான். அந்தக் குரல் ஒருநாள் குழறியது. எல்லோரும் குடி என்றார்கள். நானும், “காலையிலயே ஊத்திக்கிட்டியா மாப்ள?” என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். பெரிய சிரிப்பு. அவனும் சிரித்தான், கொஞ்சம் கோணலாக.

தஞ்சாவூரில் டாக்டர் சொன்னார், தசைகளை ஆட்டிவைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்று. மருந்து கிடையாது. “ஆனா மூளைக்கு ஒண்ணும் ஆகாது. கடைசி வரைக்கும் எல்லாம் தெரியும், எல்லாம் புரியும்.” நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னார்.

பேச்சு முழுக்கப் போன பிறகு, இன்டர்நெட்டில் துழாவியபோது அந்த டூல்கிட் அகப்பட்டது. விண்டோ, பட்டன் எல்லாம் செய்வதற்கு ஒரு பெட்டிச் சாமான் மாதிரி. கற்றுக்கொள்வது சுலபம், ஒருமுறை எழுதினால் எந்த மெஷினிலும் ஓடும் என்று போட்டிருந்தது. தூங்கும்போதே ஹிந்தி கற்றுக்கொள்ளலாம் என்று போட்டிருந்த சிடியை நம்பி வாங்கியவன் நான். ஆனால் இதில் பொய் இல்லை. விண்டோ ஒன்று வை. அதில் பட்டன் ஒன்று வை. அமுக்கினால் என்ன நடக்கவேண்டும் என்று ஒரு வரி எழுது. அவ்வளவுதான். மெயின் சுவிட்ச் சம்பவத்துக்குப் பிறகு, மூடுவதற்கு முதலில் ஒரு பட்டன் வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன்.

தண்ணி. வலிக்குது. திருப்பிப் படுக்க வை. ஃபேன். எச்சி துடை. ஆமா. இல்ல. அமுக்கினால் அந்தந்த வார்த்தை சத்தமாகக் கேட்கும். அவன் குரல் யாரிடமும் பதிவாகி இருக்கவில்லை. அவ்வளவு பெரிய குரலை எங்கே பதிவு செய்வது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால் என் குரலிலேயே பதிந்தேன். சும்மா இருக்க முடியாமல், ‘இந்த ஆள வெளிய அனுப்புங்க’ என்றும் ஒரு பட்டன் வைத்தேன். எனக்காகத்தான் வைத்தேன். அவனும் என்னைப் பார்த்தபோதெல்லாம் அதை அமுக்கினான்.

மூடும் பட்டனில் ‘வெளியேறு’ என்று எழுதியிருந்தேன். அவன் மனைவி பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். “நோவுல கெடக்குறவர் எதிர்ல வெளியேறுன்னு எழுதி வச்சிருக்கீங்களேண்ணே. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. மாத்துங்க.”

அவள் சொன்னது நியாயம். எங்கள் பக்கம் பால் வாங்கப் போகிறவன்கூட ‘போறேன்’ என்று சொல்லமாட்டான். சொன்னால் பின்னாலிருந்து ஒரு வசவு வரும். போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லவேண்டும். அதனால் மூடும் பட்டனில் ‘போயிட்டு வரேன்’ என்று எழுதினேன். அமுக்கினால் என் குரல் “போயிட்டு வரேன்” என்று சொல்லும், விண்டோ மூடிக்கொள்ளும். அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அப்போது அவன் சிரிப்பு மூச்சுச் சத்தமாக மட்டும் ஆகியிருந்தது.

முதலில் அது அவன் மகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பில் ஓடியது. மௌஸை நகர்த்துகிற அளவுக்குக் கை இருந்தது. அதுவும் போய், இடது கையில் ஒரு விரல் மட்டும் மிஞ்சியபோது டேப்லெட்டுக்கு மாற்றினோம். அங்கேயும் ஓடியது. டீக்கடையில் போய் மார்தட்டினேன், ஒரே புரோகிராம், எந்த மெஷினில் போட்டாலும் மாறாமல் ஓடுகிறது என்று. மாறிக்கொண்டே போனவன் அவன்தான்.

ஐப்பசி மழையில் மூச்சு முட்டி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொண்டையில் துளை போட்டு மெஷினில் இணைத்தார்கள். டேப்லெட்டை விரலுக்குக் கீழே ஒரு பலகையில் சாய்த்து வைத்தோம். முதல்நாளே, ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கட்டிலருகே நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, “இந்த ஆள வெளிய அனுப்புங்க” என்றது என் குரல். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒருநாள் என்னிடம், “சார், நீங்க வராண்டாவுல போன் பேசுனாக்கூட பேஷன்ட்தான் கூப்புடுறாருன்னு ஓடி வந்துடுறேன். கொஞ்சம் மெதுவா பேசுங்க” என்றாள்.

பிறகு ஒருநாள் அவன் மனைவி போன் செய்தாள்.

“அண்ணே, பொட்டி மூடிக்கிட்டே இருக்கு. தொறந்து வச்சா, போயிட்டு வரேன் போயிட்டு வரேன்னு நீங்கதான் கத்துறீங்க. திரும்ப மூடிக்குது.”

“கை தவறிப் படுதும்மா. வந்து பாக்குறேன்.”

போய்ப் பார்த்தேன். பட்டன் பெரியதாக இருந்தது. சின்னதாக்கினேன். மறுநாளும் மூடியது. நடுவிலிருந்து கீழ் மூலைக்குத் தள்ளினேன். அந்த விரல் மூலைவரை ஊர்ந்து போக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசிக்கவில்லை. மூலைக்கும் போய் அமுக்கினான். ‘நிச்சயமாவா?’ என்று கேட்கும் ஒரு குட்டி விண்டோவைச் சேர்த்தேன். அதில் ‘ஆமா’வை அமுக்கினான்.

“தவறித்தான அமுக்குன மாப்ள?” என்று கேட்டேன்.

விரல் நகர்ந்தது. “இல்ல” என்றது என் குரல்.

“பாத்தியா தங்கச்சி, படுத்துக்கெடந்தும் திமிரு போகல. தப்ப ஒத்துக்க மாட்டான்” என்றேன். அவன் என்னையே பார்த்தான். விரல் மறுபடி நகர்ந்து, “இந்த ஆள வெளிய அனுப்புங்க” என்றது. வழக்கமான கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் ‘போயிட்டு வரேன்’ பட்டனையே எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரியை அழித்தால் போதும். அவ்வளவு சுலபமான டூல்கிட்.

இரண்டொரு நாள் கழித்துப் போனபோது, பட்டன் இருந்த மூலையில் அவன் தட்டிக்கொண்டிருந்தான். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். விரல் தேய்ந்த தடம் எண்ணெய்ப் பிசுக்காகத் திரையில் படிந்திருந்தது. நான் கைக்குட்டையால் துடைத்துச் சுத்தமாக்கி வைத்துவிட்டு வந்தேன்.

அவன் மனைவிதான் கண்டுபிடித்தாள். அன்று சாயந்திரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், குனிந்து கேட்டிருக்கிறாள்.

“வீட்டுக்குப் போகணுமா?”

“ஆமா.”

“மெசினெல்லாம் வேணாமா? நம்ம வீட்டுக்கா?”

“ஆமா. ஆமா. ஆமா.” நர்ஸ் ஓடிவரும்வரை என் குரல் நிற்கவில்லையாம்.

அத்தனை பேரும் அவனைச் சுற்றி நின்று, அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்திருக்கிறோம். நான் பட்டன் வைத்தேன், தண்ணிக்கு, ஃபேனுக்கு, எச்சிலுக்கு. வீடு என்று ஒரு பட்டன் வைக்கத் தோன்றவில்லை. இருந்த பட்டன்களில் அதற்குக் கிட்டத்தில் வந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் அவன் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

டாக்டர் மறுக்கவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், சின்ன மூச்சு மெஷின் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் கரண்ட் போனால் ஆபத்து, முதலில் இன்வெர்ட்டர் போடுங்கள் என்றார். இன்வெர்ட்டரை நான்தான் அலைந்து வாங்கி, டாட்டா ஏஸில் ஏற்றி அவன் வீட்டில் இறக்கினேன். ‘வீட்டுக்குப் போகணும்’ என்று பெரிய பட்டன் ஒன்றும் செய்துகொண்டு போனேன். அதற்குள் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. விரலைத் தூக்கிப் பட்டன்மேல் வைத்துப் பார்த்தேன். கனமில்லாமல் கிடந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது மெஷின் தேவைப்படவில்லை. பந்தலுக்குள் ஐஸ் பெட்டி இருந்தது. பிரிக்காத இன்வெர்ட்டர் அட்டைப்பெட்டி வாசல் ஓரமாக இருந்தது. யாரோ அதன்மேல் டீ டம்ளர் தட்டை வைத்திருந்தார்கள்.

கருமாதி அன்று எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவினேன். செருப்பைத் தேடி மாட்டினேன். அவன் மனைவி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

“போயிட்டு வரேம்மா.”

பந்தலில் பேச்சு நின்றது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அதைவிட, அந்த வார்த்தையை, அதே குரலில், அவள் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தவள். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது கிண்டலாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

“சொல்லிக்காமப் போங்கண்ணே. அவரயும் அப்படித்தான அனுப்புனீங்க.”