நெல் மில் வீட்டில் ஒரு கடல்

குளத்து மீன் வளர்ப்பவன் மீனைப் பார்த்துக்கொண்டால் போதும். கடல் மீன் வளர்ப்பவன் தண்ணீரைத்தான் வளர்க்க வேண்டும். இதை நான் படித்து முடிக்க ஒரு வருடம் பிடித்தது. உங்களில் யாராவது ஆசைப்பட்டு ஒரு வாளி கடல்நீரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அது மூன்றாம் நாள் நாறி, வீட்டுக்காரியிடம் பேச்சு வாங்கியிருந்தால், நீங்கள் என் இனம். கிட்ட வந்து இருங்கள்.

எனக்குப் புதுக்குடியிருப்பில் கண்ணாடிக் கடை. சுவாமிப் படங்களுக்குச் சட்டம் போடுவதும் யன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவதும் தொழில். மிஞ்சிய கண்ணாடியில் தொட்டி ஒட்டித் தங்கமீனும் விற்றேன். எண்பதாம் ஆண்டளவில் விசுவமடுவில் கிடைத்த ஒரு வாடிக்கையால்தான் என் தலையில் கடல் ஏறியது.

பிழை யாரில்?

சிவபாதம் அண்ணை விசுவமடுவில் நெல் மில் வைத்திருந்தார். ஓர் ஆடி மாதம் பாரிசவாதம் வந்து, வலது கையும் காலும் பேச்சும் ஒரே நாளில் போய்விட்டன. யன்னலோரத்துச் சாய்மானக் கதிரையில் கிடந்து மில்லின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சாப்பாட்டுக் கோப்பையைக் கண்டால் முகத்தைத் திருப்பிவிடுவார். அவருடைய மனைவி மனோன்மணி அக்கா, அசைகிறது எதையாவது பார்த்தால் மனிசன் இரண்டு வாய் சாப்பிடும் என்று என்னிடம் தங்கமீன் தொட்டி வாங்கினார். அண்ணை அதையும் திரும்பிப் பார்க்கவில்லை. வருத்தம் வருமுன் ஞாயிறு தவறாமல் முல்லைத்தீவுக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு வருகிற மனிதராம். "இவருக்குக் குளத்து மீன் சரிவராது தம்பி, கடல் வேணும்" என்றார் அக்கா. எனக்கும் புத்தி எங்கே போனதோ, ஓம் என்றுவிட்டேன்.

பெரிய தொட்டியாக ஒட்டி, முல்லைத்தீவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, அன்றைக்கே மீனையும் விட்டேன். மூன்றாம் நாள் எல்லாம் மல்லாந்து மிதந்தன. மறுபடி விட்டேன், மறுபடி மிதந்தன. முல்லைத்தீவுத் தண்ணீரே பிழை என்று நான் சாட்டுச் சொல்லத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது வழமை. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடல் தண்ணியில விளக்கே எரியிற ஊர் இது. மீன் சாகுதெண்டால் பிழை தண்ணியில இல்லைத் தம்பி, உம்மிலதான்."

வெறும் தண்ணீர்

அக்கா சொன்னது சரி. ஜெர்மனிக்குப் போயிருந்த என் மைத்துனன் மீன் வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றிலிருந்து முக்கியமானவற்றைத் தமிழில் எழுதி அனுப்பினான். புதுத் தண்ணீர் பக்குவப்படாத பச்சைத் தண்ணீராம். மீனின் கழிவைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கல்லிலும் மணலிலும் ஊறிப் பெருக நாற்பது நாளாவது வேண்டுமாம். அதுவரை தொட்டியில் கல்லும் மணலும் தண்ணீரும் மட்டும்.

அந்த நாற்பது நாளை நான் மறக்கவே மாட்டேன். மத்தியான வெயில் யன்னலால் வந்து தொட்டியில் இறங்கும். மில் இயந்திரம் ஓட ஓடத் தண்ணீரின் முகம் மெல்ல நடுங்கும். அந்த வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் அண்ணை உடுத்திருந்த வெள்ளைச் சாரத்திலும் நெளியும். அவித்த நெல்லின் ஆவி முற்றத்தால் மிதந்து வரும். அளவு பார்க்கப் போகிற நான் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, இருந்தபடியே தூங்கிவிடுவேன். விழிக்கும்போது கடலுக்கு அடியில் கிடக்கிறேனா, விசுவமடுவில் கிடக்கிறேனா என்று ஒரு கணம் தெரியாது. அண்ணை மட்டும் கண் மூடாமல் பார்த்துக்கொண்டேயிருப்பார்.

மில்லில் நெல் அவிக்கிற ராமையா, எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தண்ணீர்க் கான்களை டிரக்டரில் ஏற்றி இறக்குவது அவர்தான். ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு என் காதோடு சொன்னார்.

"மீனே இல்லாத தொட்டிய முதலாளி இப்பிடிப் பாக்குறாருன்னா, மீன் வந்தா எந்திரிச்சே வந்துருவாருண்ணே."

கடலுக்குள் கலப்படம்

நாற்பது நாள் கழித்து மீன் விட்டேன். அண்ணை எழும்பவில்லை. ஆனால் சாப்பிட்டார். சுழியோடி ஒருவர் கடலடிப் பவளப்பாறையிலிருந்து உள்ளங்கையளவில் உயிருள்ள முருகைக்கல் ஒன்று எடுத்துத் தந்திருந்தார். வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் நாம் கண்டதெல்லாம் செத்த முருகை. இது நல்ல தண்ணீரில் பகலிலேயே நூறு சின்னப் பூக்களாக விரிந்து அசையும். தண்ணீர் கொஞ்சம் பிசகினாலும் இறுக மூடிக்கொள்ளும். பூ விரிந்த நாளில் அண்ணை வாயைத் திறந்து சோறு வாங்குவார். மூடிய நாளில் கஞ்சியும் இறங்காது. என் தொழிலில் முதல் தடவையாக ஒரு மனிதரின் சாப்பாடு என் கணக்கில் நின்றது. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

தண்ணீரின் உப்பை அளக்கக் கருவி வேண்டும். பால் சேகரிக்கும் இடத்தில் தண்ணீர் கலந்த பாலைப் பிடிக்க ஒரு பால்மானி வைத்திருப்பார்கள். அதே கண்ணாடிக் குழாய் கடல்நீரின் அடர்த்திக்கும் பொருந்துவதைக் கண்டேன். நல்ல கடலில் இருபத்துமூன்று காட்டும். தெரிந்தவர் ஒருவர் இரவல் தந்தார். மாரி மழை நின்ற ஒரு காலை, முல்லைத்தீவுக் கரையில் ஒரு செம்பில் கடல்நீர் மொண்டு பால்மானியை விட்டேன், பதினைந்து! வெள்ளம் ஏறி நந்திக்கடல் உப்பேரியின் வாய் திறந்து, ஆற்றுநீரெல்லாம் கரையோரம் பரவியிருந்தது. நான் நம்பாமல் திரும்பத் திரும்ப அளப்பதை கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் மாடு நின்றது போலும், பால்மானியைத் தெரிந்திருந்தது.

"என்ன தம்பி, கடலுக்கையும் ஆரும் தண்ணி கலந்துபோட்டாங்களோ?"

மாறிக் கொழுவியது

தை பிறந்ததும் கல் மெலியத் தொடங்கியது. பூக்கள் அரைகுறையாக விரிந்தன. முருகை தன் எலும்பைக் கட்டத் தண்ணீரிலுள்ள சுண்ணத்தை எடுத்துவிடும், சுண்ணாம்பின் தெளிநீரைத் திரும்பக் கொடு என்று மைத்துனன் எழுதினான். அக்காவின் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை வழித்துக் கரைத்து, தெளியவும் விடாமல் ஒரு தம்ளரை அப்படியே ஊற்றினேன். தொட்டி பாலாகி, மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. அன்று முழுக்க அண்ணை என்னைப் பார்த்ததுபோல வேறு எவரும் என்னைப் பார்த்ததில்லை.

பிறகு மருந்துக் கடையில் சேலைன் போத்தலும் குழாயும் வாங்கிக் கழுவி, தெளிநீரை நிரப்பி, ஆணியில் தூக்கிக் கொழுவித் துளித்துளியாக விட்டேன். ஒவ்வொரு துளியும் தண்ணீரைத் தொட்டவுடன் மெல்லிய புகையாகி, வளைந்து, இல்லாமல் போகும். சுட்ட முருகை பச்சை முருகைக்குள் திரும்பிப் போகிறது என்று நினைக்க மனது எங்கோ மிதந்தது. அண்ணையின் உதடுகள் துளியோடு துளியாக அசைந்தன. அவர் எண்ணுகிறார் என்று எனக்குப் பட்டது. அந்த நேரம் பார்த்து, நெல் குற்ற வந்த கமக்காரர் ஒருவர் நோயாளியைப் பார்க்க உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, வருத்தக்காரன் கதிரையில இருக்கிறார், நீங்கள் சேலைனை மாறிக் கொழுவிப்போட்டியள்!"

திங்கட்கிழமைச் சத்தம்

வைகாசி வெயிலில் தொட்டி வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைகிற அளவுக்கு மழைநீர்தான் விட வேண்டும். மாரியில் பிடித்த மழைநீர் பெரிய சாடியில் இருந்தது. கண்ணாடியில் ஒரு கோடு கீறி, திங்கட்கிழமைதோறும் இதுவரை ஊற்றுங்கோ என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். ஒரு திங்களும் கோடு தவறவில்லை. இருந்தும் பூக்கள் மூடின. ஒரு கிழமை, இரண்டு கிழமை. அண்ணையின் கன்னம் ஒட்டிப்போனது. பால்மானியை உரியவர் திருப்பி வாங்கியிருந்தார். ராமையா நாக்கில் தொட்டுப் பார்த்து, "சரியாத்தாண்ணே இருக்கு" என்றார். நான் சுண்ணாம்பைக் கூட்டினேன், குறைத்தேன், வெயிலுக்கு மறைப்புக் கட்டினேன். வீட்டுக்கு வந்தால் எனக்கும் சோறு இறங்கவில்லை.

நாலாம் திங்கள் நான் அங்கே நிற்கும்போது அக்கா ஒரு கானைச் சரித்துத் தொட்டியில் ஊற்றினார். கதிரையிலிருந்து அண்ணை ஊ, ஊ என்று சத்தம் போட்டார். "இப்ப நாலு கிழமையா திங்களில இப்பிடித்தான், தேத்தண்ணிக்கு அவசரப்படுறார்" என்று சொல்லிக்கொண்டு அக்கா குசினிக்குத் திரும்பினார். அண்ணை இடது கையால் கதிரைச் சட்டத்தில் ஓங்கி அடித்தார். முகம் கோணி, நரம்பு புடைத்து, பத்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு சொல் வந்தது: "உப்பு." இன்னும் மூச்சுப் பிடித்து, "கூட." உப்புக் கூடிப்போயிற்றாம்.

அக்கா அந்த இடத்திலேயே குந்திவிட்டார். புருஷன் எழும்ப வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்து, திங்கள்தோறும் பஸ் ஏறி முல்லைத்தீவில் முழுகி, ஒரு கான் கடல்நீர் கொண்டுவந்திருக்கிறார். கடலுக்குள் போய் மழைத்தண்ணீரை ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. அதை மல்லிகைக்கு விட்டுவிட்டு, கோடுவரை கடல்நீரை ஊற்றியிருக்கிறார். நான் சைக்கிளில் ஓடிப்போய்ப் பால்மானியை வாங்கிவந்து பார்த்தேன்: முப்பது. தினமும் கொஞ்சம் இறைத்து மழைநீர் விட்டோம். பத்தாம் நாள் நூறு பூவும் விரிந்தன. அண்ணை தானே இடது கையால் கோப்பையை இழுத்தெடுத்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் முறைப்பாடு வைத்தார்.

"பத்து மாசமா என்ர பேரைக்கூடச் சொல்லாத மனிசன், வாயைத் திறந்த உடன என்னையல்லோ காட்டிக் குடுத்தவர்!"

அன்றிலிருந்து, எந்த வீட்டில் தொட்டி வைத்தாலும் பால்மானியை எடுக்குமுன் நான் கேட்கிற முதல் கேள்வி, இந்த வீட்டில் எழும்பி நடக்காமல் நாள் முழுக்க இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்பதுதான்.