மாமாவைச் சாகடித்த கல்

எங்கள் தீவின் வரலாற்றைக் காப்பாற்றப் புறப்பட்ட மனிதரை எனக்கு இன்றுவரை பிடிக்காது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்குப் பெரியப்பா முறை. கல்லூரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று அஸ்தினாபுரத்தில் வீடு கட்டிக்கொண்டவர். புயல் எங்கள் தீவைத் துடைத்துப் போட்ட நேரத்தில் அவர் மெட்ராஸில் கல்லூரி வேலையில் சேர்ந்து ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடல் எந்தப் பக்கமாக ஏறியது என்றுகூடப் பார்க்காதவர், எண்பதுகளின் கடைசியில் திடீரென்று தீவுக்கே வாரிசாகிவிட்டார்.

பிழைத்து வந்த குடும்பங்களில் சில தாம்பரத்தைச் சுற்றி, சேலையூரிலும் கீழ்க்கட்டளையிலும், கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு ஒண்டியிருந்தோம். எங்களையெல்லாம் சேர்த்து அவர் ஒரு சங்கம் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் தோளில் டேப் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். முதலில் நல்ல நாற்காலி, பிறகு காபி, அதற்குப் பிறகுதான் வரலாறு. பேசுகிறவர் குரல் உடைந்துவிட்டால், சரியாகப் பதிவாகவில்லை, அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு அதிகம் சொன்னது என் அத்தைதான். அப்பாவின் தங்கை, எங்களோடு சேலையூரில் இருந்தாள். கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. அவள் கணவர், என் மாமா, புயலன்று வலையெடுக்கப் போனவர். படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. எங்கள் தீவில், கடல் திருப்பித் தராத ஆளைச் செத்தவர் என்று சொல்ல மாட்டோம். கடலில் இருக்கிறார் என்போம். அவருக்குப் பூசை வைப்பதில்லை, யாரும் அழுவதில்லை, மனைவி தாலியைக் கழற்றுவதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அத்தை தலையில் பூ வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போய் வந்தாள். அவருக்கு நண்டு பிடிக்கும் என்பாள். பிடித்தது என்று சொன்னதே கிடையாது. பள்ளிக்கூடத்தில் யாராவது விசாரித்தால், வீட்டுக்காரர் கடல் வேலையில் இருக்கிறார் என்பாள். அது பொய் என்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பெரியப்பாவுக்கு இந்த வழக்கம் அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. தன் புத்தகத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்து, தீவு மக்களின் அபூர்வ நம்பிக்கை என்று தலைப்பும் போட்டார். அதை எங்கள் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினார். தன்னைப் பற்றியும் ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று அத்தைக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை.

அவர் புத்தகத்தோடு விட்டிருக்கலாம். சங்கக் கட்டடத்தின் வாசலில் நினைவுக்கல் வைக்கக் கிளம்பினார். புயலில் மாண்டவர்கள் என்று மேலே ஒரு வரி, கீழே பெயர்கள். கல் தயாராகிவிட்டதா என்று பார்த்துவரப் போன அப்பா முகம் வெளிறித் திரும்பினார். மாமாவின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள் என்றார். நான் அப்பாவை இழுத்துக்கொண்டு அன்றைக்கே அஸ்தினாபுரம் போனேன்.

பெரியப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடிக்கக்கூட இல்லை.

"கல்வெட்டுன்னா ஃபேக்ட்ஸ் வேணும்மா. இத்தன வருஷமா வராதவர உயிரோட இருக்காருன்னு நான் போட முடியுமா?"

"உயிரோட இருக்காருன்னு போடச் சொல்லல பெரியப்பா. செத்துட்டாருன்னு போடாதீங்கன்னுதான் சொல்றேன். நீங்கதானே அத பத்தி ஒரு அத்தியாயமே எழுதுனீங்க?"

"அது நம்பிக்கை. இது ஹிஸ்டரி."

காணாமல் போனவர் என்று தனியாக வெட்டலாமே என்று கேட்டேன். கல்லின் அழகு கெட்டுவிடும் என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். ஊர் தெரியாமல் வந்து இறங்கியவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் பெரியப்பா. அந்த விசுவாசத்தில் அப்பா வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு இரண்டு பேர் மீதும் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அத்தையிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. அண்ணன் படித்தவர், என் வாயால் சொல்லக் கேட்டுத்தானே எழுதினார், அவர் அப்படிச் செய்வாரா என்று என்னையே கடிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவுக்குப் பச்சைப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். பெரியப்பா மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். உடல் கிடைத்துப் புதைத்தவர்களின் பெயர்கள் வந்தபோது எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். மாமாவின் பெயர் வந்ததும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் கூடிய இடத்தில் ஒரு சாவைச் சொல்லிவிட்டால், எங்கள் தீவில் அதற்கு அழுதே ஆக வேண்டும். சொன்னதை யாரும் திரும்ப வாங்க முடியாது. பின்வரிசையில் ஒருத்தி ஒப்பாரியைத் தொடங்கினாள். மற்றவர்கள் ஓடி வந்து அத்தையைக் கட்டிக்கொண்டார்கள். அத்தை அழவில்லை. அவர்களை விலக்கிவிட்டு அப்பாவைத் தேடினாள். அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மேடையில் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிகழ்ச்சி உருக்கமாக அமைந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் வழிந்தது.

அன்று மாலை பெரியப்பாவின் மனைவி, பெரியம்மா, வெள்ளைப் புடவையோடு வீட்டுக்கு வந்தாள். பிறந்த வீட்டு முறையாம். அதைக் கையால் தொடாதே என்று நான் கத்தினேன். அத்தை என்னை அதட்டினாள்.

"ஊரே அவருக்காக அழுதுடுச்சு. இனிமே நான் மட்டும் பூ வெச்சுக்கிட்டுத் திரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

தாலியை அவளே கழற்றினாள். பெரியம்மா போகும்போது அவளுக்குக் காபிகூடப் போட்டுக் கொடுத்தாள்.

சில நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். நான்தான் மொபெட்டில் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த டீச்சர் ஒருவர் வெள்ளைப் புடவையையும் வெறும் நெற்றியையும் பார்த்துப் பதறிப்போனார். அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஐயோ, எப்பம்மா ஆச்சு என்று கேட்டார்.

"போன ஞாயித்துக்கிழமை, டீச்சர்" என்றாள் அத்தை.