தூதர் கையிலிருந்து விழுந்த கோப்பை

1976 புத்தாண்டுக்கு வந்த வாழ்த்து அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலே பொன்னிறத்தில் அரசு முத்திரை. கீழே ஆப்பிரிக்காவின் சிறிய நாடு ஒன்றிலுள்ள நம் தூதரகத்தின் முகவரி. நடுவே அச்சடித்த இரண்டு வரி. தூதரின் கையெழுத்து மட்டும் பேனாவால் போட்டது. விருத்தாசலத்துக்கு அது வந்து சேர்ந்தது பொங்கல் கழித்து. அதே அட்டை எங்கள் பீங்கான் தொழிற்பேட்டை டீக்கடைக்காரருக்கும் வந்திருந்தது. அவருடையதில் கையெழுத்துக்கு மேலே, ‘கடை எப்படி நடக்குது?’ என்று தமிழில் ஒரு வரி அதிகம். என்னுடையதில் அது இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தூதரும் நானும் 1964இல் ஒரே மாதத்தில் தொழிற்பேட்டையில் அடுத்தடுத்த கொட்டகைகளை வாடகைக்கு எடுத்தோம். நான் வேதியியல் படித்தவன். பீங்கானைப் பற்றி அச்சில் வந்த எதையும் தேடிப் படிப்பவன். கோப்பையும் சாசரும் செய்தேன். அவர் மங்கலம்பேட்டையில் ஜவுளி வியாபாரம் பார்த்துவிட்டு வந்து மின்சார ஃப்யூஸ் கட்டை செய்தார். களிமண்ணோடு எது எவ்வளவு சேர வேண்டும் என்பதை என்னிடம் கேட்டுத்தான் செய்தார். ஆனால் பார்வையிட வருகிறவர்கள் என் கொட்டகையில் விவரம் கேட்டுக்கொண்டு, அவரோடு சாப்பிடப் போவார்கள். ஜங்ஷனில் ரயில் வருவதற்குள் அவர் ஸ்டேஷன் மாஸ்டரின் மகளுக்கு வரன் சொல்லிவிடுவார். அதே பிளாட்பாரத்தில் வருடக்கணக்காகப் புத்தகமும் கையுமாக நின்ற என்னை அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு அடையாளம் தெரியாது.

எல்லோருக்கும் பொதுச் சூளைதான். சரக்கு கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு கொட்டகைக்காரரும் அடிப்பக்கத்தில் ஒரு நிறப் பொட்டு வைத்துச் சுடுவோம். எனக்கு நீலம், அவருக்குப் பழுப்பு.

1968 கோடையில் அந்த ஆப்பிரிக்க நாட்டிலிருந்து கொள்முதல் அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரவேற்புரை எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் நாள் மாலை பக்கத்துக் கொட்டகையிலிருந்து இவர் ஓடி வந்தார்.

“அண்ணே, அந்த ஆளு நாளைக்கே வராராம். உங்க புதுக் கோப்பையிலதான் டீ குடுக்கணும். எடுத்துடுங்க.”

“சூளை இன்னும் ஆறலப்பா. இப்ப எடுத்தா உள்ளுக்குள்ள விரிசல் வுடும்.”

“ஒரு டீ கூடவா தாங்காது?”

தாங்கவில்லை. மறுநாள் என் கொட்டகையில், விருந்தாளியின் கையிலேயே கோப்பை ‘டிக்’கென்று பிளந்து, டீ அவருடைய வெள்ளைப் பேண்ட்டில் கொட்டியது. சூடு அவசரமாக இறங்கினால் பீங்கான் ஏன் விரிசல் விடுகிறது என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் பேண்ட்டைத் துடைத்தபடி தலையாட்டினார். டீக்கடைக்காரர் தட்டோடு அப்படியே நின்றார். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது, பிற்பாடு தூதரான இவர் கையிலிருந்த கோப்பையும் சிமெண்டுத் தரையில் விழுந்து சிதறியது. இவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வினைச்சொல் ஒன்றுகூட இல்லாமல், “கப் நோ சார், ஃப்யூஸ் குட். ஃப்யூஸ் இன்சைட் நோ டீ!” என்றார்.

அந்த அதிகாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, உடைந்த அடித்துண்டை எடுத்து, இந்த நீலப் பொட்டு என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், “எங்க ஊரு அடையாளம்” என்றார். என் பொட்டு அது. அதிகாரி அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வரவேற்புரை என் பையிலேயே கிடந்தது.

ஃப்யூஸ் கட்டைகள் கப்பலேறின. பின்னாலேயே இவரும் போய் அங்கே கடை திறந்தார். சில வருடங்களில் அந்நாட்டு மந்திரிகள் இவர் வீட்டில் சாப்பிடும் அளவுக்கு ஆனது. 1975இல் நம் அரசாங்கம் அவரையே அங்கே தூதராக்கியது. செய்தித்தாளைப் படித்துவிட்டு மனைவி சொன்னாள்: “அவரு கார்ல கொடி பறக்கப் போவுது. நீங்க வூட்டுல உக்காந்து அது என்னைக்குப் பறந்துச்சுன்னு குறிச்சி வைங்க.” குறித்துத்தான் வைத்தேன்.

புறப்படுவதற்கு முன் ஊரில் பாராட்டு விழா நடந்தது. மாலைகளுக்கு நடுவே அவரை ஓரமாக இழுத்து, ஏழு வருடமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன். “அன்னைக்குக் கோப்பை கை வழுக்கி வுழுந்துதா, நீங்களா போட்டீங்களா?”

“உங்க கோப்பைய நான் போயி வேணும்னு உடைப்பனா அண்ணே?” என்றார். அடுத்த மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டே, “ஆனா கை வழுக்குச்சின்னு வெளியில சொல்லிடாதீங்க. பெரிய பொறுப்பு குடுத்திருக்காங்க இல்ல?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

கை வழுக்கியிருந்தால் அது வெறும் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் எனக்கும் வந்திருக்கலாம். வேண்டுமென்றே போட்டிருந்தால், அந்தக் கண நேரத்தில் அப்படி ஒன்று எனக்குத் தோன்றியே இருக்காது. நான் இன்னும் எத்தனை புத்தகம் படித்திருந்தாலும். அதனால்தான் விசாரிப்பதை விட முடியவில்லை.

டீக்கடைக்காரர், “கை ஈரமா இருந்துதுங்க, வழுக்கிடுச்சி” என்கிறார். அவருக்குத்தான் அட்டையில் தனி வரி வந்திருக்கிறது என்பதால் அவர் சாட்சியத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவியோ, “கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டுதான் போட்டாரு, நான் பாத்தேன்” என்கிறாள். அந்தக் கொள்முதல் அதிகாரிக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. கோப்பை தானாக விழுந்ததா, போடப்பட்டதா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.