புழு அக்காவின் வெள்ளை வண்டு

எங்கள் ஆய்வகத்தில் அவரைப் புழு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மாவுப்புழு வளர்ப்பவர். தவிடு பரப்பிய தட்டுகளில் நெளியும் அந்தக் கூட்டத்துக்குக் கேரட் நறுக்கிப் போட்ட பிறகுதான் தன் காலைச் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பார். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, புழுவை நோகாமல் தூக்க ஒரு மெல்லிய தூரிகை இருக்கும். முனைவர் பட்டத்துக்காக ஏழாவது வருடமாக இதே வேலை.

நீங்கள் கேட்காவிட்டாலும் என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பரம்பரையிலேயே கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இதை இதுவரை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. அதனால் ஆய்வகத்தில் எனக்குப் 'பட்டதாரி' என்று பெயர். அங்கே எல்லோருமே பட்டதாரிகள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

அன்று காலை அக்காவின் அப்பா வந்து இறங்கினார். பஸ் ஓட்டுநர். படித்தது போதும் என்று மகளைக் கையோடு ஊருக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். அதே நேரத்தில்தான் அக்காவின் கடைசிக் கூட்டுப்புழு தோலுரிக்கத் தயாராக இருந்தது. இதற்கு முந்தைய கட்டங்களின் மாதிரிகளை எல்லாம் அவர் ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தார். தோலை உரித்து வெளியே வரும் வண்டு முதலில் பால்போல் வெளுத்திருக்கும். பிறகு பழுப்பேறி, கறுத்து, கெட்டிப்படும். வெள்ளையாக இருக்கும்போதே உறையவைத்தால்தான் அந்த நேரத்தில் எந்தத் தோல் ஜீன் வேலை செய்கிறது என்று பார்க்க முடியும். தப்பவிட்டால் மறுபடி முட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு அப்பா விடப்போவதில்லை.

"பட்டதாரி, அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளிய பிடிச்சு வை. உன் வாய்க்கு இன்னிக்காவது ஒரு வேலை இருக்கட்டும்" என்றார் அக்கா.

நடைவழி பெஞ்சில் அவரை உட்காரவைத்துத் தொடங்கினேன்.

"சார், பூச்சிக்கு உள்ள எலும்பு கிடையாது. தோல்தான் எல்லாமே. உடம்பு வளரும், தோல் வளராது. அதனால உள்ளுக்குள்ளயே புதுத் தோலைத் தயார் பண்ணிட்டு, பழசைக் கழட்டிடும். புழுவா இருக்கறப்ப ஒரு கூட்டம் ஜீன் வேலை செய்யும், கூட்டுப்புழுவுக்கு வேற கூட்டம், வண்டுக்கு வேற. ஷிஃப்ட் மாதிரி."

ஓட்டுநருக்கு ஏற்ற உவமை சொல்லிவிட்டேன் என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

"ஒரு தோல் மாத்த எத்தனை நாள் ஆகும் தம்பி?"

"சில நாள்தான் சார்."

"புழுவே சில நாள்ல மாத்திடுது. அதைப் பார்த்து எழுத என் பொண்ணுக்கு ஏழு வருஷமா?"

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அறிவியல்ல அவசரப்படக் கூடாது சார். இப்ப என்னையே எடுத்துக்குங்க..."

"எடுத்துக்கிட்டேன். படிச்சு முடிச்சா அவளும் இப்படித்தான் பேசுவாளா?" எழுந்துவிட்டார். "பெட்டியைக் கட்டச் சொல்லு."

தடுக்கிறேன் பேர்வழி என்று அவருக்கு முன்னால் ஓடி, கதவைத் தள்ளிக்கொண்டு விழாத குறையாக உள்ளே நுழைந்தேன். அக்கா திரும்பவில்லை. உருப்பெருக்கிக்குக் கீழே கூட்டுப்புழுவின் முதுகு பிளந்து, வெள்ளையாக ஏதோ அசைந்தது.

"அக்கா, அப்பா..."

என் தோளில் ஒரு கனத்த கை விழுந்தது. "வண்டி ஓட்டறவங்ககிட்ட பேசாதேன்னு பஸ்ல எழுதியிருக்குமே, படிச்சதில்ல?" என்று காதோரம் சீறினார் அப்பா. "நீ எல்லாம் என்ன படிச்ச?"

அவரும் நானும் அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். வண்டு கடைசிக் காலையும் உருவிக்கொண்டது. தூரிகை, சின்னக் குப்பி, திரவ நைட்ரஜன். குபுக்கென்று வெண்புகை எழுந்தது.

"கிடைச்சுதா?" என்றார் அப்பா.

"கிடைச்சுதுப்பா. இனி ஜீனைப் பார்த்து எழுதணும். ஆறு மாசம்."

"கிடைக்காம போயிருந்தா?"

"உங்ககூட கிளம்பி வந்திருப்பேன்."

அவர் உரிந்து கிடந்த வெற்றுத் தோலைக் குனிந்து பார்த்தார். "ஆறு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. சாப்பிட்டியா?"

"இல்லப்பா."

"வா."

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போனேன்.

சொன்ன கெடுவுக்குள் முடிவு வந்தது. வண்டின் தோலுக்கான ஒரு ஜீன், வண்டு வெளியே வருவதற்குச் சற்று முன்னால் உச்சத்தில் இருந்து, வந்ததும் சரிந்திருந்தது.

"பாரு, வேலை முடிஞ்சதும் கமுக்கமா அடங்கிடுது. உன் வாயும் அப்படி அடங்க ஒரு ஊசி போடலாமான்னு பார்க்கறேன்" என்றார் அக்கா.

ஆய்வேட்டின் நன்றியுரையில் என் பெயரும் இருக்கிறது, மாவுப்புழுக்களுக்கு அடுத்ததாக. அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து ஊரில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.