ஏகாதசியன்று ஒரு டின் ஸ்வீட் கார்ன்

போன ஏகாதசியன்று நான் சாப்பிட்டது காயா, தானியமா? விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

என் பெண் நித்யா போன வருஷம் மெடிகல் நுழைவுத் தேர்வில் தவறிவிட்டாள். அப்புறம் ஒரு மாதம் எங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அவள் குரலே கேட்கவில்லை. இந்த வருஷம் மறுபடி எழுதினாள். நான் படித்தவள்தான் – இருந்தாலும் ஒரு வேண்டுதல். ரிசல்ட் வரும்வரை ஏகாதசியன்று எந்தத் தானியமும் தொடுவதில்லை. காய், பழம், பால் மட்டும்.

அன்று மத்தியானம் நித்யாவே சமையலறைக்குள் போனாள். அமெரிக்காவிலிருந்து வந்த என் நாத்தனார் கொடுத்த டின் ஒன்றைத் திறந்து, வெண்ணெயில் வதக்கி, மிளகு தூவி, ஒரு கிண்ணத்தில் நீட்டினாள். முத்து முத்தாக, மஞ்சளாக...

"என்னடி இது?"

"ஸ்வீட் கார்ன்மா. பட்டாணி மாதிரி காய்தான். டின்லயே வெஜிடபிள்னு போட்டிருக்கு பாரு. ஜல்தி சாப்பிடு, ஆறிடும்."

போட்டுத்தான் இருந்தது. சாப்பிட்டேன். தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாமே, சைனீஸ் ஹோட்டல் மாதிரி சூப் வைக்கலாமே என்று யோசனை வேறு.

தயிருக்கு உறை கேட்டு வந்த பக்கத்து வீட்டு பஞ்சாபி மாமி கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"அரே பெஹன்ஜி, யே தோ மக்கி ஹை. விரத் மே அனாஜ்?"

மக்கி என்றால் மக்காச்சோளம்; விரதத்தில் தானியமா என்கிறார். குளிர்காலத்தில் அவர் வீட்டில் ரொட்டி தட்டுகிறார்களே, அதே தானியம். மழை நாளில் தெருமுனையில் கரியில் சுட்டு, எலுமிச்சை தேய்த்துத் தருகிறார்களே, அதேதான். இத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் எனக்கு ஏன் தோன்றவில்லை?

மாமி போன பிறகும் நித்யா கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"என்னாலதான் உன் விரதம் போச்சாம்மா?"

"போடி பைத்தியம். இது காய்தான்."

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் தெரியுமா? அவள் அந்தப் பக்கம் போனதும் டின்னை எடுத்து மறுபடி படித்தேன்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த கணவரிடம் கேட்டேன்.

"பொரியல் பண்ணினா காய். மாவா அரைச்சா தானியம். நீ ரெண்டும் இல்லாம சாப்பிட்டிருக்கே. எங்க ஆபீஸா இருந்தா இந்த ஃபைல் செக்‌ஷன் செக்‌ஷனா சுத்திண்டே இருக்கும்" என்றார். நான் சிரிக்கவில்லை.

நேற்று ரிசல்ட். நித்யா பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னடி ஆச்சு?"

"வெயிட்டிங் லிஸ்ட்மா."

சீட் உண்டா, இல்லையா? உண்டு என்றும் சொல்ல முடியாதாம், இல்லை என்றும் சொல்ல முடியாதாம். என் வேண்டுதல் முடிந்ததா, தொடர்கிறதா? நித்யா மட்டும் தைரியமாக, அலமாரியில் இருக்கும் இன்னொரு டின்னைத் திறக்கட்டுமா என்கிறாள்.

மேலே இருக்கிறவருக்கும் அது காயா, தானியமா என்று இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது...