கட்டைவிரல் சுண்ணாம்பு

அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு எட்டு. கீழக்குயில்குடியில் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்களெல்லாம் கண்மாய்க்கரையில் வரிசையாக நின்று ஒன்றுக்குப் போவோம். எல்லோரும் முடித்துவிட்டு ஓடிய பிறகும் அண்ணன் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். "என்ன மாப்ள, கண்மாய் வத்திப்போச்சா?" என்று கத்துவார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் என்னைத் தனியே இழுத்துப்போனான். "ரெண்டு வருசமா ஒன்னுக்குப் போற எடத்துல தோலு வெள்ளையாயிக்கிட்டே வருதுடா. துவாரமும் சுருங்கிருச்சு. தெரிஞ்சா குஷ்டம்னு தள்ளி வச்சிருவாங்க. அம்மா மேல சத்தியமா யார்ட்டயும் சொல்லாத."

சொல்லவில்லை. ரகசியம் காப்பதில் நான் அம்புட்டு கெட்டிக்காரன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் காலை, அவனுக்குச் சொட்டுகூட வரவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை அது சூடு, வேறென்ன? இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் சுண்ணாம்பைத் தடவினாள். "தண்ணி குடுத்துக்கிட்டே இரு, சூடு இறங்கிரும்" என்று சொம்பை என்னிடம் தந்தாள். எனக்கு ஒரே உற்சாகம். அடைத்த மடையை வெள்ளம் வந்தால் தள்ளிவிடாதா!

"போதும்டா, உள்ள போறது வெளிய வர மாட்டேங்குது" என்று அழுதான்.

"இன்னும் ஒரே சொம்பு அண்ணே."

பொழுது சாய்வதற்குள் அடிவயிறு கல்லாக உப்பிவிட்டது. அப்பா மதுரைக்கு வண்டி கட்டினார்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் என் கையை விடவே இல்லை. அதனால் என்னையும் திரைக்கு உள்ளே, அவன் தலைமாட்டில் நிற்க விட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டு வெளியே நின்ற அம்மாவிடம் கேட்டார்: "இந்த வெள்ளை எத்தனை நாளா இருக்கு?"

"இன்னைக்குக் காலையிலருந்துதாங்கய்யா" என்றாள் அம்மா, சுண்ணாம்பை நினைத்துக்கொண்டு.

அண்ணன் என் விரல்களை நெரித்தான். சத்தியத்தை மீறமாட்டேன் என்று அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். புதுப்புண் போலிருக்கிறது, ஆறிவிடும் என்றார் டாக்டர். குழாய் வைத்து நீரை இறக்கி, களிம்பு கொடுத்து அனுப்பினார்.

ஆடி பிறக்குமுன் முகமும் காலும் வீங்கி அண்ணன் போய்விட்டான். ரெண்டு வருசமாக நீர் தேங்கித் தேங்கி உள்ளே சிறுநீரகம் எப்போதோ கெட்டுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அன்று அவன் என் கையை நெரித்தது, சொல்லாதே என்பதற்காகத்தான் என்று நினைத்தேன். சொல்லிவிடு என்பதற்கும் அப்படித்தான் நெரிப்பார்கள் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியாது.