ஏரித் திட்டில் மூன்று நட்சத்திரம்

ஒரகடம் தாண்டி ஒரு ஏரி, அதன் நடுவே சின்னத் திட்டு. நாலு கருவேல மரம், தரையெல்லாம் கொக்கு எச்சம். நட்சத்திரம் பார்க்கவென்று அமாவாசையாகப் பார்த்து வந்திருக்கிறேன். இந்த ஏரியில் மீன் பிடிக்கும் ஏழுமலை, தன் தெர்மாகோல் தெப்பத்தில் என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பீடி பற்றவைக்கிறார்.

மணி ஏழரை. கரைக்கு அப்பால், புதுக் கார்களை நிறுத்தும் யார்டில் கம்பத்துக்குக் கம்பம் விளக்கு. வானம் கஞ்சித் தண்ணியாக வெளுத்துக் கிடக்கிறது. கழுத்து வலிக்கத் தேடியும் மூன்றே நட்சத்திரம்.

"வலை போடலையா?" என்று கேட்கிறேன்.

"இன்னாத்துக்கு சார்? முன்னெல்லாம் அமாவாசைன்னா வலை கொள்ளாது. இப்போ இந்த வெளிச்சத்துல மீனு வலைய பாத்துட்டு ஒதுங்கிப் பூடுது. லைட்ட கொஞ்சம் கீழ சாய்ச்சிருந்தா போதும். எவன் வச்சானோ, ஏரியப் பாத்து வச்சிட்டுப் பூட்டான்." பீடியைத் தண்ணீரில் வீசுகிறார். "நீ இன்னா வேலை பண்றே சார்?"

"வாத்தியார்" என்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கம்பங்களில் ஏறி விளக்குகளைப் பொருத்தி முடுக்கியவன் நான்தான். அன்றைக்கு ஏரிப் பக்கம் ஒரே இருட்டு. அங்கே யாருமில்லை என்று நினைத்தேன்.